மெஷின் நின்ற இடம்

பத்தொன்பது மார்க்தான் குறைந்தது. பள்ளிக்கூடப் பரீட்சையில் அது ஒன்றுமேயில்லை. மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வில் அந்தப் பத்தொன்பது மார்க்குக்குள் ஒரு ஊர் ஜனமே நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்தப் பக்கம் போன பிள்ளைகள் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பக்கம் நின்றவள் மறுபடியும் முதல் பாடத்தைப் பிரித்தாள்.

அவளை வீட்டில் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். போன வருஷம் படிப்பு கெடக்கூடாதென்று அம்மா அவளை உள்ளறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டாள். இந்த வருஷம் பெண் புத்தகமும் ஸ்டூலுமாக வெளியே வந்து, அம்மாவின் தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்துக்கொண்டாள். அம்மா ஆஸ்பத்திரிக்கு நோயாளி அங்கி தைக்கிறவள். மெஷின் கடகடவென்று ஓட, இவள் இதயத்தையும் ஈரலையும் பக்கத்து வீட்டுச் சங்கதி மாதிரி சளசளவென்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. இருப்பது இன்னும் ஒரே ஒரு தடவை. இதிலும் தவறினால் லேப் டெக்னீஷியன் படிப்பு என்று, பஸ் ஓட்டும் அப்பா சொல்லி, பெண்ணும் ஒத்துக்கொண்டாயிற்று. இந்த நேரத்தில் இது என்ன அரட்டை? எட்டாவதோடு நின்ற தன்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? பெரியம்மா வேறு வரும்போதெல்லாம், தனியாகப் படித்து யார் கரையேறினார்கள், என் பையனுக்கு வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்த வாத்தியாரைக் கூப்பிடு என்று காதில் ஓதிக்கொண்டே இருந்தாள். பெண்ணோ, நானே படித்துக்கொள்கிறேன் என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசியில் அம்மா வாத்தியாரை வரவழைத்தாள். ஒரு பாடம் நடத்திப் பார்ப்பார், பிடித்தால் தொடரலாம் என்று ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். குறை சொல்ல முடியாத மனிதர். சிறுநீரகப் பாடத்தை எடுத்து, படம் போட்டு, மடமடவென்று நடத்தினார். ஒட்டுக் கேட்பதாக நினைத்துவிடுவாரோ என்று அம்மா குனிந்த தலை நிமிராமல் அங்கிக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ரத்தத்திலிருந்து ஒரு நாளைக்கு நூற்றெண்பது லிட்டர் நீர் வடிகிறது, ஒன்றரை லிட்டர் போக மிச்சமெல்லாம் திரும்ப உள்ளேயே போய்விடுகிறது என்று அவர் சொன்னபோது மெஷின் நின்றது.

"சார், அந்த இடத்தை இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள் பெண்.

"இப்பதானேம்மா புரிஞ்சுதுன்னு தலையாட்டினே?"

"புரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு சார். ஆனா மெஷின் நின்னுடுச்சே."

வாத்தியார் மெஷினைப் பார்த்தார். அம்மா ஊசியில் நூல் கோப்பதுபோல பாவனை செய்தாள். பெண் விடவில்லை.

"கதை புரியலைன்னா எங்க அம்மா கால் தானா நின்னுடும் சார். அவங்களுக்கே தெரியாது. அவங்க நிறுத்தின இடத்துலதான் எனக்கும் சரியா தெரியலைன்னு கண்டுபிடிப்பேன். போன வருஷம் ரூம்ல தனியா இருந்தப்போ எனக்கு எல்லாமே புரிஞ்சுது. அதான் பத்தொன்பது மார்க் போச்சு."

அம்மாவுக்குக் காது மடல் சுட்டது. "அதில்ல சார், ஒன்றரை லிட்டர்தான் போகணும்னா அதை மட்டும் வெளிய விட வேண்டியதுதானே? எதுக்கு அவ்வளவையும் கொட்டிட்டு மறுபடி வாரணும்?"

வாத்தியார் பேனாவை மூடினார். பதில் அவருக்குத் தெரியும். சொல்லாமல் பெண்ணைப் பார்த்தார். ரத்தத்தில் இன்றைக்கு என்ன குப்பை வந்து சேர்ந்திருக்கிறது என்று சிறுநீரகத்துக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும், எல்லாவற்றையும் வெளியே விட்டுவிட்டுத் தனக்கு வேண்டியதை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டால் புதிதாக வந்த குப்பையும் தானாகப் போய்விடுமே என்று, அவள் தட்டுத்தடுமாறி ஒருவழியாகச் சொல்லி முடித்தாள்.

"ஓ, பட்டன் டப்பாவா," என்றாள் அம்மா. "மொத்தமா கொட்டி, வேணுங்கறதைப் பொறுக்கிக்கிட்டு, மிச்சத்தைப் பெருக்கித் தள்ளிடறோமே, அது மாதிரி."

மெஷின் ஓட ஆரம்பித்தது.

கிளம்பும்போது வாத்தியார் வாசலில் நின்று சொன்னார். "நான் வேகமா நடத்துறவன்மா. என்னை நிறுத்த ஆள் கிடையாது. நேரம் வச்சு கேள்வித்தாள் எழுதிப் பழகட்டும், அது ஒண்ணுதான் இவகிட்ட குறைச்சல். மத்தது உங்க இஷ்டம்."

அந்த 'உங்க இஷ்டம்' அம்மாவின் தலையில் கல்லாக உட்கார்ந்தது. வாத்தியாரை வைத்துத் தவறினால் பழி வாத்தியாருக்கு. வைக்காமல் தவறினால் தனக்கு. இத்தனை நாள் வாத்தியார், வாத்தியார் என்று துடித்தது பெண்ணுக்காகவா, இந்தப் பழிக்குப் பயந்தா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் பெரியம்மாவுக்கு போன் போட்டு, வாத்தியார் வேண்டாம், அவளே படிக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

சொன்னவள் சும்மா இருந்தாளா? தன் மண்டையில் ஏறாததற்காகப் பெண்ணின் நேரம் வீணாகிறதே என்று, புரிந்தாலும் புரியாவிட்டாலும் காலை எடுக்காமல் மிதிக்க ஆரம்பித்தாள். மெஷின் நிற்கவேயில்லை. பெண்ணும் குஷியாகப் பாடங்களைத் தாண்டிக்கொண்டே போனாள். மாத முடிவில் மணி பார்த்து எழுதிய மாதிரித் தேர்வில், மாத ஆரம்பத்தில் எழுதியதைவிட முப்பது மார்க் இறங்கியிருந்தது. அதே வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து பதினோரு அங்கிகள் திரும்பி வந்தன. பதினெட்டு வருஷத்தில் ஒன்றுகூட அப்படி வந்ததில்லை.

பெண் அவற்றை மடியில் போட்டுத் தையலை விரலால் தடவினாள். நேராக வந்த தையல் திடீரென்று வளைந்து, கொஞ்ச தூரம் போய் மறுபடி நேராகியிருந்தது.

"இது ஹார்மோன் பாடம் படிச்ச அன்னிக்குத் தச்சதுதானேம்மா?"

அம்மா அங்கியைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள்.

"இந்த வளைவுல உனக்குப் புரியலை. புரிஞ்ச மாதிரி நடிச்சிருக்கே."

"எட்டாங்கிளாஸ் மூளைக்காக ஒரு டாக்டர் காத்துக்கிட்டு நிக்கணுமாடி?"

"நாளைக்கு என்கிட்ட வர்றவங்களும் எட்டாங்கிளாஸ் படிச்சவங்களா இருப்பாங்கம்மா. அவங்களும் உன்னை மாதிரியே தலையாட்டிட்டு எழுந்து போயிட்டா நான் என்ன பண்றது?"

அம்மா கத்தரியை எடுத்தாள். அன்று சாயங்காலம் முழுக்க அவள் தையலைப் பிரித்துப் பிரித்துத் தைக்க, பெண் அந்த மாதத்துப் பாடங்களை முதலிலிருந்து சொன்னாள். மெஷின் ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். அதற்கப்புறம் பரீட்சை வரைக்கும் அம்மா ஒரு நாளும் நடிக்கவில்லை.

முடிவு வந்த காலையில் அம்மா தலையணை உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். ஸ்டூலில் இருந்து சத்தமே வரவில்லை. ரேடியோ செல்போனைப் பார்த்தபடி வாயடைத்து உட்கார்ந்திருந்தது. அம்மாவின் கால் நின்றது.

"கிடைச்சிடுச்சும்மா. போன வருஷத்தைவிட அம்பத்திரண்டு மார்க் கூட. நிச்சயம் சீட் உண்டு."

"இன்னொரு தடவை சொல்லு," என்றாள் அம்மா.

தான்தான் தப்பாகப் படித்துவிட்டோமோ என்று பெண் பயந்துபோய் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். அம்மாவுக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. இன்னொரு தடவை கேட்கவேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.