பிஸ்விக்கின் பின்னால் போன தண்ணீர்

பம்பைப் பார்த்துக்கொள்ளும் பிஸ்விக் ஊரைவிட்டுப் போனால் சிகும்பே கிராமத்தின் அடிபம்பில் தண்ணீர் நின்றுவிடும். இதைக் கண்டுபிடிக்க ஊருக்கு நான்கு கோடை பிடித்தது. பம்பு போட்ட மூன்றாவது கோடையில் பிஸ்விக்கின் அம்மா இறந்துபோனார். முலாஞ்சே மலைப்பக்கத்தில் இருக்கும் சொந்த ஊருக்கு பிஸ்விக் புறப்பட்டுப் போன அன்று மதியமே பம்பு இருமத் தொடங்கியது. சாயங்காலம் வெறும் காற்றுதான் வந்தது. மெக்கானிக் சைக்கிளில் வந்து பதினான்கு குழாய்களையும் உருவி எடுத்துப் புல்லில் வரிசையாகப் படுக்கவைத்தார், ரப்பர் வாஷர்கள் அத்தனையையும் மாற்றினார், கடைசியில் ஒரு கல்லைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தார். நாற்பத்திரண்டு மீட்டர் ஆழத்திலிருந்து கல் புழுதியோடு மேலே வந்தது. அதே நாட்களில் பிஸ்விக்கின் அம்மா வீட்டு முற்றம், துக்கத்துக்கு வந்தவர்களின் கால் புதையுமளவு சேறாகிக் கிடந்தது. பல மாதமாக மழை காணாத ஊர் அது. ஆறாம் நாள் அவர் திரும்பி வந்து தோள்பையை இறக்கி வைப்பதற்குள் சிகும்பேயில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோதும் இதே கதைதான்.

தண்ணீர் கமிட்டி எதையும் அரைகுறையாகச் செய்கிற கமிட்டி அல்ல. ஐந்து பெண்கள், ஐந்து ஆண்கள், மூன்று நாள் பயிற்சி, ஆளுக்கொரு நோட்டு. அவர்கள் பிஸ்விக்கைச் சாலையோடு நடக்கச் சொல்லி, பின்னாலேயே ஓர் உறுப்பினரைச் சைக்கிளில் அனுப்பினார்கள். பிஸ்விக் பள்ளிக்கூடத்தைத் தாண்டியதும் தண்ணீர் மெலிந்தது. சந்தையைத் தாண்டியதும் நின்றது. திரும்பி நடக்கச் சொன்னார்கள், வந்தது. நோட்டில் எழுதிக்கொண்டார்கள். மாவட்டத் தண்ணீர் அலுவலகத்திலிருந்து வருகிற சிபெட்டா என்ற அதிகாரி அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டு, தன் படிவத்தில் 'இயங்குகிறது', 'இயங்கவில்லை' என்று இரண்டே கட்டங்கள்தான் இருப்பதாகச் சொல்லி முதல் கட்டத்தில் குறியிட்டார். ஊர் தன் சொந்த பலத்தில் பம்பை நடத்த வேண்டும் என்பதுதான் திட்டமே, பிஸ்விக்கும் சொந்த பலம்தானே என்றும் சொன்னார். அன்றைக்கே கமிட்டியின் விதிகளில் பதினொன்றாவதாக ஒன்று சேர்ந்தது. பம்படியில் துணி துவைக்கக் கூடாது, செருப்போடு ஏறக் கூடாது என்கிற விதிகளுக்குக் கீழே, பிஸ்விக் சந்தையைத் தாண்டக் கூடாது.

பம்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு வந்ததே ஊர்ச் சண்டையால்தான். இந்தப் பக்கத்தில் வீடும் நிலமும் பெண்வழி. கல்யாணம் ஆனால் ஆண்தான் துணிமூட்டையோடு பெண்ணின் ஊருக்குப் போக வேண்டும். சிகும்பேயில் பெண்வழி வம்சங்கள் இரண்டு. சாவி இவர்கள் கையில் இருந்தால் அவர்களுக்குத் தூக்கம் வராது, அவர்கள் கையில் இருந்தால் இவர்களுக்கு. அதனால் எந்தப் பக்கத்து ரத்தமும் இல்லாத ஒரு வீட்டோடு மாப்பிள்ளையைப் பிடித்துப் போட்டார்கள். பிஸ்விக் எலுபியின் கணவர். அதிகம் பேசமாட்டார், பம்பின் அச்சாணிக்கு எண்ணெய் போட மறக்கமாட்டார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. விதி பதினொன்று வந்த அன்று எலுபி பம்படியில் எல்லாருக்கும் கேட்கும்படி, "பகல்ல என் புருஷன் ஊருக்கு, ராத்திரி எனக்கு. ராத்திரி யாராவது வாளியோட வந்தீங்க, வாளி திரும்பி வராது" என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. பிஸ்விக்கும் சிரித்தார். அவள் இருக்கும்வரை சந்தைக்கு அப்பால் அவருக்கு வேலை எதுவும் இருக்கவில்லை.

பம்புக்கு ஒன்பது வயதான ஜனவரியில், ஆற்றின் மேல்பக்கத்து ஊர்களில் காலரா வந்தது. பெரியம்மா மகளுக்குப் பணிவிடை செய்யப் போன எலுபி அங்கேயே படுத்துவிட்டாள். இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால் கூடாரம் போட்டு வைத்தியம் பார்த்தார்கள், அங்கே கிடந்தாள். செய்தி காலையில் வந்தது. பத்து மணிக்குக் கமிட்டி பள்ளிக்கூட வகுப்பறையில் கூடியது. பிஸ்விக் போனால் பம்பு நிற்கும். பம்பு நின்றால் ஊர் ஆற்றுக்குப் போகும். ஆற்றில் என்ன வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை, அதுதான் அதில் இருந்த கொடுமை. போகக் கூடாது என்று ஒன்பது கைகள் உயர்ந்தன. அந்த ஒன்பதில் ஒன்று, கமிட்டித் தலைவி எனலெசியின் கை. எனலெசி எலுபியின் கூடப்பிறந்த தங்கை. அவள் வீட்டில் நான்கு பிள்ளைகள். பத்தாவது உறுப்பினர் பிஸ்விக். அவர் கையை எந்தப் பக்கமும் தூக்கவில்லை. எழுந்து பம்படிக்குப் போய் வாய்க்காலைச் சுத்தம் செய்தார். மூன்றாம் நாள் எலுபி செத்துப்போனாள். மருந்து தெளித்து மூடிக்கட்டிய உடலைச் சுகாதார ஆட்கள் நேராக இடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். இடுகாடு சந்தையையும் தாண்டி, அத்திமரத் தோப்பில் இருக்கிறது. புதைக்கிற ஒரு மணி நேரத்துக்கு மட்டும் விதி பதினொன்றைத் தளர்த்தினார்கள். அந்தப் பருவத்தில் சிகும்பேயில் காலராவுக்கு ஓர் உயிர்கூடப் போகவில்லை. மாவட்டத்திலிருந்து பாராட்டுப் பத்திரம் வந்தது. அது பள்ளிக்கூடச் சுவரில் தொங்கியது.

மனைவி இறந்தால் மாப்பிள்ளையை ஒரு புதுத்துணி கொடுத்து அவன் அம்மாவின் ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோய் விடுவதுதான் முறை. பிஸ்விக்கை விடவில்லை. ஆனால் வீடு பெண்வழிச் சொத்து, அது எனலெசியின் மூத்த மகளுக்குப் போயிற்று. அவருக்குப் பம்பு வேலிக்குள்ளேயே ஒரு குடிசை போட்டுக் கொடுத்தார்கள். சாப்பாட்டுக்குக் கமிட்டி ஒரு முறை வைத்தது: நாளுக்கு ஒரு வீடு களியும் கீரையும், முடிந்தால் கருவாடும் அனுப்ப வேண்டும். ஒரு வீடும் தவறவில்லை. தட்டை வேலிக்கம்பில் வைத்துவிட்டுப் போவார்கள், காலித் தட்டை மறுநாள் எடுத்துக்கொள்வார்கள். அறுபது வீட்டுக் களியைச் சாப்பிட்ட மனிதர் ஒரு வீட்டிலும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. உட்காரச் சொல்ல யாருக்கும் உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை; அவர் யாருக்கு என்ன உறவு என்பதே எலுபியோடு போய்விட்டது. பகல் முழுக்க அவரைச் சுற்றி இருநூறு பேர் வந்து போனார்கள். வாளி, வம்பு, சண்டை, சிரிப்பு எல்லாம் அவர் தலைக்கு மேலேயே நடந்தது. தண்ணீர் கொஞ்சம் மெலிந்தால் மட்டும் யாராவது குடிசைக்குள் எட்டிப் பார்த்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுதும் சர்ச்சில் இருக்கும் ஒன்றரை மணி நேரத்தில் யாருக்கும் தண்ணீர் தேவைப்படாது. அப்போது அவர் தோப்புக்கு ஓட்டமும் நடையுமாகப் போய், எலுபியின் பக்கத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, கடைசிப் பாட்டு முடிவதற்குள் திரும்பிவிடுவார். சில பிரசங்கங்கள் சீக்கிரம் முடிந்துவிடும். அவருக்கு எரிச்சல் வந்ததெல்லாம் அந்தப் பிரசங்கிகள் மேல்தான்.

இப்படிப் பதினோரு வருஷம் போயிற்று. பன்னிரண்டாவது வருஷத்தில் ஒரு கமிட்டிக் கூட்டத்தில், வேலியைப் புதுப்பிப்பது பற்றிப் பேசி முடித்த பிறகு, பிஸ்விக் எழுந்து நின்றார். கூட்டத்தில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. "நான் செத்தா என்னைய எலுபி பக்கத்துல வைக்கணும்" என்றார்.

எலுபியின் தாய்மாமனான ஊர்த்தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மாப்பிள்ளைகளின் உடல் அவரவர் அம்மா ஊருக்குப் போவதுதான் வழக்கம், இடுகாடு வம்சத்துக்கு மட்டும் உரியது என்று பொறுமையாக விளக்கினார். பிஸ்விக் தன் ஊரில் தன்னை அடையாளம் சொல்ல ஓர் ஆள்கூட இல்லை என்றார். அதற்குள் ஒருவருக்கு மூளையில் பொறி தட்டியது: உடல் அந்த ஊருக்குப் போனால் தண்ணீரும் பின்னாலேயே போய்விடுமே. அடுத்த நிமிஷம் வழக்கத்தைப் பற்றி எல்லாரும் தாராளமாகிவிட்டார்கள். இங்கேயே புதைக்கலாம், பம்பின் பக்கத்தில், வாழைத்தோட்டத்துக்கு இந்தப் பக்கம், சிமெண்டுக் கல்லறையே கட்டலாம் என்றார்கள். கல்லறைக்கும் பம்புக்கும் நூறு மீட்டராவது இடைவெளி வேண்டும் என்று பயிற்சியில் சொன்னதை ஒரு பெண் ஞாபகப்படுத்தினாள். அப்படியென்றால் சரியாக நூறு மீட்டரில் என்றார்கள்.

"பம்பு பக்கத்துல வேணாம். அவ பக்கத்துல" என்றார் பிஸ்விக்.

தோப்பு சந்தைக்கு அப்பால் இருக்கிறது. அங்கே அவரைப் புதைத்தால் பம்பு அவ்வளவுதான். கூட்டத்தை ஒத்திவைத்தார்கள், மறு வாரமும் ஒத்திவைத்தார்கள். மூன்றாவது கூட்டத்தில் ஊர்த்தலைவர், பிஸ்விக் நல்ல திடமாகத்தானே இருக்கிறார், இப்போது எதற்குச் சாவுப் பேச்சு என்று தொடங்கியபோது எனலெசி எழுந்தாள். பதினோரு வருஷமாக அந்த வகுப்பறைக்குள் வரும்போதெல்லாம் அவள் தன் வலது கையைத் துணிக்குள் மறைத்துக்கொண்டுதான் உட்காருவாள். யாரும் அதைக் கவனித்ததில்லை, பிஸ்விக்கைத் தவிர.

"மாமா, எங்கக்கா அங்க கெடந்தப்போ இவரு போகக் கூடாதுன்னு இந்தக் கைதான் முதல்ல தூக்குச்சு. எம்புள்ளைங்க நாலும் உசுரோட இருக்குதுங்க. ஆத்துக்கு நடக்கக் காலும் இருக்கு" என்றாள். பிறகு பிஸ்விக்கின் பக்கம் திரும்பி, "அத்தான், அக்கா பக்கத்துல எடம் உங்களுக்குத்தான். நான் இருக்கேன்" என்றாள்.

பிஸ்விக் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். நோட்டில் எழுதினார்கள். அன்று தண்ணீர் வழக்கத்தைவிடக் குளிர்ச்சியாக வந்ததாகச் சில பெண்கள் சொன்னார்கள். பெண்கள் சொல்வதை அப்போது யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

அதன் பிறகு ஆறு வருஷம் இருந்தார். ஒரு செப்டம்பர் காலையில், அந்தப் பக்கத்துக் கோடையின் உச்சத்தில், வாளி வைக்க வந்தவள் அவர் குடிசை வாசலில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதையும் எண்ணெய் டப்பா மடியில் இருப்பதையும் பார்த்தாள். தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டாள். பம்பு வேலை செய்துகொண்டுதான் இருந்தது. உடல் குடிசையில் கிடந்த அந்த ஒரு பகலும் இரவும் ஊர்ப் பெண்கள் அழுதுகொண்டே தண்ணீர் பிடித்தார்கள். வாளி, பானை, பீப்பாய் எல்லாம் நிறைந்தன; பள்ளிக்கூட மணியைத் தலைகீழாக நிமிர்த்தி வைத்ததில் அதுகூட நிறைந்தது. அழுகையில் எவ்வளவு பிஸ்விக்குக்கு, எவ்வளவு பம்புக்கு என்று அவர்களுக்கே தெரியாது.

காலையில் குழிவெட்டுகிறவர்கள் மண்வெட்டியோடு வாழைத்தோட்டத்துப் பக்கம் போய் நின்றார்கள். இளவட்டங்கள் இரவே பேசி முடிவு செய்திருந்தார்கள். செத்தவருக்கு எது எந்த இடம் என்று தெரியவா போகிறது, இருக்கிறவர்கள் தாகத்தில் சாக வேண்டுமா என்று கேட்டார்கள். ஊர்த்தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனலெசி முன்னால் வந்தாள். ஒருவன் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு தோப்பை நோக்கி நடக்கத் தொடங்கினாள். பெண் குழி வெட்டியதாக அந்த ஊரில் கேள்விப்பட்டதே இல்லை. சந்தைவரை அவளைத் தனியாக நடக்கவிட்டார்கள்; அதற்கு மேல் அவர்களுக்கே வெட்கமாகிப் போய், ஓடிவந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்கள். சவப்பெட்டி பள்ளிக்கூடத்தைத் தாண்டியபோது பம்பில் தண்ணீர் மெலிந்தது. சந்தையைத் தாண்டியபோது நின்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எலுபியின் இடது பக்கத்தில் அவரை இறக்கினார்கள்.

பிடித்துவைத்த தண்ணீர் ஒன்பது நாள் வந்தது. பிறகு ஊர் ஆற்றுக்கு நடந்தது, கொதிக்கவைத்தது, மருந்து போட்டது, சபித்தது, மறுபடி நடந்தது. முதல் மாதம் எனலெசியோடு வழியில் பேச்சுக் கொடுக்க ஆள் இல்லை. அவள் வரிசையின் கடைசியில் தனியாக நடந்தாள். புது ஆழ்துளைக் கிணற்றுக்கு விண்ணப்பத்தை அவள்தான் எழுதினாள். பழைய பம்பு பழுதானதற்குக் காரணம் என்று கேட்ட இடத்தில் 'இறந்துவிட்டார்' என்று எழுதி அனுப்பினாள்.

விண்ணப்பம் கிடைத்து, புதுக் கிணற்றுக்கு இடம் பார்க்க சிபெட்டா மே மாதம் வந்தார். தலை நரைத்திருந்தது. இடுகாட்டு எல்லையிலிருந்து தூரம் அளக்க வேண்டும் என்று நாடாவோடு தோப்புக்குப் போனார்; எனலெசி மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கூடப் போனாள். அத்திமரங்களுக்குள், எலுபியின் மேட்டுக்கும் பிஸ்விக்கின் மேட்டுக்கும் நடுவில், ஒரு பாய் விரிக்கும் அகலத்துக்குத் தண்ணீர் நின்றது. எங்கேயும் வழிந்து ஓடவில்லை, வற்றவும் இல்லை. அடியில் கிடந்த இலையின் நரம்பு தெரிந்தது. எனலெசி அதை நவம்பரிலேயே, வேறொரு சாவுக்கு வந்தபோது பார்த்திருந்தாள். ஊரில் எல்லாருக்கும் தெரியும். சிபெட்டா அந்தத் தண்ணீரையும், சாலையில் ஆற்றைப் பார்த்து நடந்துகொண்டிருந்த பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். சுகாதார விதிப்படி இதைக் குடிக்கக் கூடாதுதான், ஆனாலும் துணி துவைக்கவாவது எடுக்கலாமே, ஒரு வாளிகூடவா யாரும் எடுக்கவில்லை என்று கேட்டார். படிவத்தில் நீர்நிலை என்று இதையும் குறித்துக்கொள்ளட்டுமா என்றும் கேட்டார்.

"வேணாம் ஐயா" என்றாள் எனலெசி, நாடாவைச் சுருட்டிக்கொண்டே. "அது அவங்க வீட்டுத் தண்ணி."