நெட்டில் குதிரைகளிடம் இருக்கிறாள்

1

இந்தக் கதையை நான் தமிழில் எழுதுவதற்கு ஒரே ஒரு காரணம்தான். என்னைத் தவிர இதில் வருகிறவர்களில் ஒருவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. மொழிப்பற்று, அது இது என்று நீங்களாக நினைத்துக்கொண்டால் நான் பொறுப்பல்ல.

கதை எங்கே கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரசீன் என்ற ஏரிக்கரை நகரில் வெண்டல் நைகார்ட் வீட்டு நிலவறையில் கிடைத்தது. சனிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் நாங்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, இல்லாத ஊர்களில் இல்லாத அரக்கர்களோடு சண்டை போடுவோம். ஆட்டத்தை நடத்துகிறவர் வெண்டல். அந்த உலகத்தில் மழை பெய்வதும், பாலம் இடிவதும், சத்திரக்காரன் பொய் சொல்வதும் அவர் வாய் வழியாகத்தான். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரம். "என்ன செய்யறீங்க?" என்று கேட்பார், சொல்வோம். நினைத்தது நடக்குமா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். இதற்காகவா நரைத்த தலைகள் வாராவாரம் கூடுகின்றன என்று சிரிப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மார்லிஸ் இறந்த அன்று ஏரி முழுக்கப் பனி—"

பனியாவது ஒன்றாவது. அது ஆகஸ்ட் மாதம், புழுங்கித் தள்ளியது. சாவு என்று எழுதியதும் கை தானாகப் பனியைத் தேடிப் போகிறது, அவ்வளவுதான். அடுத்தது:

"டுவேன் ஸ்வோபோடா ஒரு துரோகி."

நல்ல வரி. பொய் வரி. ஏன் பொய் என்று பிறகு சொல்கிறேன். மூன்றாவது:

"எங்கள் மேசைக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன."

சப்பென்றுதான் இருக்கிறது. ஆனால் உண்மை இதற்குள்தான் கிடக்கிறது, ஆகவே இப்படியே போகிறேன்.

3

முதல் சட்டம் ஒரு சண்டையில் பிறந்தது. பெவ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். மேசையில் அவள் ஒரு குள்ளப் போர்வீரன். இரண்டு வேலையிலும் அவள் போடும் சத்தம் ஒன்றுதான். ஒருநாள் இரும்புச் சட்டையோடு ஆற்றில் குதித்துவிட்டாள்.

"நேரா அடிமட்டந்தான் பெவ். போய்ச் சேர்ந்துட்டே," என்றான் எங்களோடு விளையாடும் டுவேன்.

"என் ஆளு மெதப்பான். அவனுக்கு மூச்சடக்கத் தெரியும்."

"மூச்சடக்குனா இரும்பு மெதக்குமா? அவன் என்ன பீப்பாயா?"

"உன் தலைதான்டா பீப்பாய். தட்டுனா சத்தம் வரும், உள்ள ஒண்ணும் இருக்காது."

சண்டை கதவைச் சாத்திக்கொண்டு போகிற அளவுக்குப் போனபோது வெண்டல் விதிப் புத்தகத்தைத் திறந்து படித்தார். குள்ளன் மூழ்கினான். "இனிமே எனக்குத் தோணுது, எனக்கு ஞாபகம் இருக்குன்னு யாரும் பேசக் கூடாது. அச்சுல என்ன இருக்கோ அதான். ரெண்டு புஸ்தகம் முட்டிக்கிச்சுன்னா, எது பின்னாடி வந்துச்சோ அது. எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

[இங்கே ஒரு சின்னக் குறிப்பு. அவர்கள் மொழியில் நீ, நீங்க என்ற பேதம் இல்லை. டாவும் கிடையாது. யாருக்கு எதைப் போடுவது என்று நான்தான் முடிவு செய்கிறேன். டுவேனுக்கு டா விழும் இடங்களில் என் கோபமும் கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.]

இரண்டாவது சட்டம் இந்த மாதிரி மேசைகளில் பலரும் வைத்திருப்பதுதான். ஒருவர் வரவில்லையென்றால் அவருடைய பாத்திரத்தை என்ன செய்வது? எங்கள் மேசையில், வராதவரின் பாத்திரம் குகைக்கு வெளியே குதிரைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கும். குதிரைகளிடம் நிற்பவருக்கு ஒரு தீங்கும் வராது. ஊரையே எரிக்கிற பறவைநாகம்கூட அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காது.

4

மார்லிஸ் வெண்டலின் மனைவி. அவளுடைய பாத்திரம் ஒரு மருத்துவச்சி, பெயர் நெட்டில். தொட்டால் அரிக்கும் செந்தட்டிச் செடிக்கு அங்கே அதுதான் பெயர்.

"மருந்து போடறவளுக்கு இப்படியா பேரு வைப்பாங்க?" என்று நான் வந்த புதிதில் கேட்டேன்.

"திட்டாம எப்படிப்பா வைத்தியம் பாக்கறது? கையக் காட்டு. அடுத்த தடவை வரும்போது தலைய வீட்டுலயே வெச்சுட்டு வா, நீதான் அதை உபயோகிக்கறதே இல்லியே."

செழியன் என்ற என் பெயரைச் 'செஸ்' என்று வெட்டியதும் அவள்தான். அதோடு நான் அந்த மேசைக்காரன் ஆகிவிட்டேன்.

பிறகு அவளுக்கு நோய் வந்தது. மருந்து ஏற்றிய வாரங்களில் மாடியில் படுத்திருப்பாள். கீழே வெண்டல் ஆட்டத்தைத் தொடங்குவார்: "நெட்டில் குதிரைங்ககிட்ட இருக்கா. யாரு மொதல்ல?" மேலே கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொல்வார்.

அவளை அடக்கம் செய்தபின் மறுபடி கூடிய சனிக்கிழமையும் வெண்டல் அதையே சொன்னார். அதே வார்த்தைகள், அதே உரத்த குரல். பெவ் தன் தட்டில் இருந்த கிரிங்கிள் என்ற இனிப்பு ரொட்டித் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். டுவேன்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் மொதல்ல," என்றான்.

(அப்படி எத்தனை ஆண்டுகள் என்று எழுதி அடித்துவிட்டேன். எண் போட்டால் நீங்கள் பரிதாபப்படுவீர்கள். அங்கே யாரும் பரிதாபப்படவில்லை, விளையாடினோம்.)

5

ஒரு நெடுங்கதை முடிந்தால் அடுத்து எந்த உலகத்துக்குப் போவது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். வெண்டலின் சொந்த உலகம் சாம்பலாற்றுச் சீமை. அது அவர் தலைக்குள் மட்டுமே இருந்தது. அலுப்புத் தட்டினால் கடையில் விற்கும் உலகங்களுக்குப் போவோம். ஆளாளுக்கு ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து, மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி அதன் பெருமைகளை எடுத்துவிடுவோம். கொள்ளையர் தீவுகள், ரத்தம் குடிக்கும் பிரபுக்கள், மணலுக்குள் புதைந்த நகரம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு பெவ் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"அதுல குதிரை இருக்கா?"

ஏன் கேட்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை. கடலடி நகரம் ஒன்று இருந்தது. படங்களைப் பார்த்தால் வாய் பிளப்பீர்கள். குதிரை இல்லை, மூடி வைத்துவிட்டோம். கொள்ளையர் தீவுகளுக்குப் போனபோது வெண்டல் கப்பலின் அடித்தட்டில் ஒரு லாயம் கட்டினார். அலை அடிக்கும்போதெல்லாம் குதிரைகள் கனைத்தன. நெட்டில் அவற்றோடு இருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை டுவேன் பைக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேசை நடுவில் வைத்தான். கெட்டி அட்டை, வண்ணப் படம். சாம்பலாற்றுச் சீமை, ஆட்டம் நடத்துவோருக்கான முழு வழிகாட்டி. எழுதியவர் டுவேன் ஸ்வோபோடா. உள்ளே முதல் பக்கத்தில்: இந்த உலகத்தை உண்டாக்கிய வெண்டலுக்கு.

வெண்டல் அட்டையைத் தடவிப் பார்த்தார். "நீயா எழுதுனே?"

"உன் உலகம்தான் வெண்டல், நான் ஒழுங்குபடுத்துனதோட சரி. உன் மண்டைக்குள்ளயே கெடந்தா நாளைக்கு யாருக்குத் தெரியும்? இப்ப ஓஹியோல ஒருத்தன் நடத்துறான், தெரியுமா?"

"ஓஹியோலயா?"

"ஆமா. அங்கயும் அந்தச் சத்திரக்காரன் அதே பொய்ய சொல்றானாம்!"

வெண்டல் சிரித்தார். மார்லிஸ் போனபின் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் கதை டுவேனுக்கு அநியாயம் செய்துவிடும். வரைபடத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஆறு தப்பாப் போகுதேடா," என்றார்.

"அச்சுல வந்துருச்சு. இனிமே ஆறுதான் திரும்பிப் போகணும்."

எல்லோரும் சிரித்தோம்.

"அதுல குதிரை இருக்கா?" என்றாள் பெவ்.

"லாயமே இருக்கு," என்றான். முடிந்தது. அடுத்த வாரம் முதல் வெண்டலின் உலகத்தை டுவேனின் புத்தகத்திலிருந்து வெண்டல் நடத்துவது என்று முடிவாயிற்று.

6

அடுத்த வாரம். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் மூலையில் உறுமிக்கொண்டிருந்தது. வெண்டல் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"நெட்டில் குதிரைங்ககிட்ட இருக்கா. யாரு மொதல்ல?"

"வெண்டல், ஒரு நிமிஷம்," என்றான் டுவேன். பிறந்தநாள் பரிசைப் பிரிக்கச் சொல்கிறவனின் முகம். "நெட்டிலுக்குத் தனிப் பக்கமே குடுத்திருக்கேன். லாயத்துக்கு அடுத்தது பாரு."

அந்தப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டம் இருந்தது. கட்டத்துக்குள் இருப்பதை ஆட்டம் நடத்துகிறவர் ஒரு சொல்லும் மாற்றாமல் உரக்கப் படிக்க வேண்டும், அதுதான் முறை. வெண்டல் முறை தவறியதில்லை. படித்தார்.

"ஆற்றோரம் செந்தட்டி மண்டிய சிறு மேடு ஒன்றைக் காண்கிறீர்கள். தலைமாட்டில் ஒரு கல். அதில் எழுதியிருப்பது: நெட்டில், மருத்துவச்சி. அவள் இறந்து நெடுங்காலம் ஆயிற்று."

கட்டத்துக்குக் கீழே உள்ளது அவருக்கு மட்டுமானது. அதை எங்களுக்குப் படிக்கக் கூடாது. அன்று அதையும் படித்தார்.

"மேட்டைத் தோண்டுவோருக்கு அவளுடைய மருந்துக்கோல் கிடைக்கும். பகடையில் பத்துக்கு மேல் விழுந்தால் அவள் எழுவாள். அவளுக்கு யாரையும் அடையாளம் தெரியாது. வந்தவர்களைத் தாக்குவாள்."

இயந்திரம் உறுமியது.

"வெண்டல், அது சும்மா ஒரு புஸ்தகம்," என்றாள் பெவ். இவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

"அச்சுல இருக்கு பெவ்."

"உன் உலகம்ய்யா அது! நீ சொல்றதுதான்—"

"நான் சொல்றது ஞாபகம். இது அச்சு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "மேட்டுக்கு முன்னாடி நிக்கறீங்க. என்ன செய்யறீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேசையில் நான் திருடன். கல்லறை தோண்டுவது என் தொழில்.

"சுத்திப் போறோம்," என்றேன்.

"சரி," என்றார்.

7

இப்போது டுவேனுக்கு வருகிறேன். இவனை வில்லனாக்கி இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மீசைகூட வைத்தேன். நிற்கவில்லை. மார்லிஸின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவன் அவன். குளிர்காலம் முழுக்க வெண்டல் வீட்டு வாசலில் பனி தள்ளுகிறவனும் அவன். அன்று வாசலில் வைத்து அவனைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏன்டா, உனக்கு வேற எடமே கெடைக்கலியா அவளை வைக்க?"

அவன் கண் கலங்கிவிட்டது. அது என் கோபத்தை இன்னும் கிளப்பியது. "உனக்குத் தெரியாது செஸ். இந்த மாதிரிப் புஸ்தகத்துல சும்மா ஒரு எடத்தை வைக்க முடியாது. போறவனுக்கு அங்க செய்யறதுக்கு ஏதாவது இருக்கணும். எடுக்க ஒரு பொருள், பயப்பட ஒரு ஆபத்து. இல்லேன்னா பக்கத்தைத் திருப்பிட்டுப் போயிருவான். அவளை ஒருத்தனும் திருப்பிட்டுப் போயிடக் கூடாதுன்னுதான்டா..."

ஆக, துரோகி இல்லை. அன்பாகத்தான் புதைத்திருக்கிறான். துரோகியாக இருந்திருந்தால் எவ்வளவு வசதி, திட்டிவிட்டுத் தூங்கியிருக்கலாம்.

8

முடிவுகள். எடுத்துக்கொள்ளுங்கள்.

பெவ் புத்தகத்தைப் பிடுங்கி அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடுகிறாள். எல்லோரும் அழுகிறார்கள். (நடக்கவில்லை. நடந்திருந்தாலும் ஓஹியோவில் அந்தப் பக்கம் பத்திரமாக இருக்கும்.)

டுவேன் திருத்திய பதிப்பு போடுகிறான். (கேட்டேன். இந்தப் பக்கத்தைத்தான் எல்லோரும் பாராட்டுகிறார்களாம்.)

வெண்டல் தானே ஒரு புத்தகம் எழுதுகிறார். இதை நான் அவரிடமே சொன்னேன். "எழுதுங்க வெண்டல். பின்னாடி வந்ததுதானே செல்லும்? நெட்டில் உயிரோட இருக்கான்னு ஒரு வரி போதும்."

"எனக்கு எழுத வராது செஸ். நான் வாயால நடத்தறவன்." கொஞ்ச நேரம் பகடையை உருட்டிக்கொண்டே இருந்தார். "எழுதுனாத்தான் என்னன்னு எழுதறது? குதிரைங்ககிட்ட நிக்கறான்னா? எதுக்கு நிக்கறான்னு கேப்பான் படிக்கறவன்."

உண்மையில் நடந்தது இது: அடுத்த சனிக்கிழமை கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வாயைத் திறந்தார். மூடினார். பிறகு, "யாரு மொதல்ல?" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து இன்றுவரை அவ்வளவுதான். உரக்கவும் சொல்வதில்லை, மாடியில் கேட்க ஆள் இல்லை. பெவ் குதிரையைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டாள். போன மாதம் கடலடி நகரத்தைத் தேர்ந்தெடுத்தோம். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

9

இதை நீங்கள் வாசிக்கிறீர்கள் என்றால், இது அச்சில் இருக்கிறது. டுவேனின் புத்தகத்துக்குப் பிறகு வந்த அச்சு. எங்கள் மேசைச் சட்டப்படி இதுதான் செல்லும். இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆனால் வெண்டலால் இதை வாசிக்க முடியாது. முடியாது என்பதற்காகவே தமிழைப் பிடித்தேன். மொழிபெயர்த்து அவர் கையில் கொடுக்கலாம். கொடுத்தால், தன் மேசையிலிருந்து இரண்டாவது ஆளும் மார்லிஸைப் பைக்குள் போட்டுக்கொண்டு போயிருக்கிறான் என்று அவருக்குத் தெரியும். நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடாமல் இருக்க நானும் இதில் ஒரு பொருளும் ஒரு ஆபத்தும் வைத்திருக்கிறேன் அல்லவா? அவர் கண்டுபிடித்துவிடுவார், நடத்தத் தெரிந்தவர். கொடுக்காவிட்டால், அவர் வாய் மூடியே இருக்கும், அவள் அந்த மேட்டுக்குள்ளேயே—

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. கொடுக்கவா, வேண்டாமா என்று என்னைக் கேட்காதீர்கள். இது சனிக்கிழமை மதியம். பகடை உங்கள் பக்கம் இருக்கிறது.

நெட்டில் குதிரைங்ககிட்ட இருக்கா.

யாரு மொதல்ல?