மேஜை ஏன் ஷாக் அடிக்கவில்லை

விழுப்புரத்தில் ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் பேச்சுப் போட்டி. திண்டிவனத்தில் பஸ் ஏறியதிலிருந்து அம்சாவின் வாய் முணுமுணுத்துக்கொண்டே வந்தது. ஓமந்தூரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடும் குடும்பத்துப் பெண், எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிறாள். தலைப்பு அணு. தமிழில்தான் பேசுவேன் என்று பிடிவாதமாக இருந்தாள். துணைக்கு வந்த வகுப்புத் தோழி அற்புதமேரிக்கு அதுதான் கவலை.

"எல்லாரும் இங்கிலீஷ்ல பேசுவாங்கடி. நீ மட்டும் தமிழ்ல பேசிக்கினு நின்னா மார்க் போடுவாங்களா?"

"எனக்குப் புரிஞ்சது தமிழ்லதான்."

அவளுக்கு முன்னால் பேசியவர்கள் இங்கிலீஷில் மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு இறங்கினார்கள். அம்சா மேடையேறினாள். அணுவின் நடுவே நேர் மின்சாரம் கொண்ட புரோட்டான்கள், சுற்றிலும் எதிர் மின்சாரம் கொண்ட எலெக்ட்ரான்கள் என்று சொல்லி முடிப்பதற்குள், நடுவராக வந்திருந்த பேராசிரியர் தேவநாதன் கையை உயர்த்தினார்.

"எல்லாப் பொருளும் அணுதானே அம்மா? அதுக்குள்ள மின்சாரம் இருந்தா, இந்த மேஜை ஏன் எனக்கு ஷாக் அடிக்கல?"

கூட்டம் சிரித்தது. அம்சா அவர் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டும் சரிக்குச் சரியா இருக்குதுங்க சார். எத்தினி புரோட்டானோ அத்தினி எலெக்ட்ரான். ஒண்ணை இன்னொண்ணு ஈடுகட்டிடுது. வெளியில ஒண்ணும் தெரியாது."

"சரிக்குச் சரின்னு யார் எண்ணி வச்சாங்க?"

"யாரும் எண்ண வேணாங்க சார். ஒரு எலெக்ட்ரான் குறைஞ்சா அணுவுல நேர் மின்சாரம் மிஞ்சிடும். பக்கத்துல வர்ற எலெக்ட்ரானை இழுக்கும். சரியாயிட்டா இழுப்பும் நின்னுபோவும்."

"காட்ட முடியுமா?"

அவள் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். பொட்டலத்தைப் பிரித்து மல்லாட்டைப் பருப்பின் சிவப்புத் தோலை மேஜையில் கொட்டினாள். பிளாஸ்டிக் சீப்பால் தலையை வாரி அருகே கொண்டுபோனாள். தோல் அசையவில்லை. மறுபடி வாரினாள். அசையவில்லை. பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். அம்சாவின் கை தானாகத் தலைக்குப் போனது. விரலெல்லாம் எண்ணெய். காலையில் அம்மா வழிய வழியத் தேய்த்தது; எண்ணெய் முடியில் இது பலிக்காது.

"அற்புதமேரி, உன் சீப்பை எடுத்துக்கினு ஜல்தி மேல வாடி."

முந்தின நாள்தான் சீயக்காய் போட்டுத் தலை முழுகியவள் அவள். தலையைக் குனிந்தபடி மேடையேறினாள். அம்சா அவள் பின்னலை அவிழ்த்து, அவள் சீப்பாலேயே பரபரவென்று வாரினாள். முடி இழைகள் எழும்பிச் சீப்பைத் தேடி வந்தன. மேஜையருகே கொண்டுபோனதும் சிவப்புத் தோல்கள் துள்ளி வந்து சீப்பில் ஒட்டிக்கொண்டன.

பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"முடியிலேர்ந்து எலெக்ட்ரான் சீப்புக்கு வந்துடுச்சுங்க சார். இங்க மிச்சம், அங்க குறைச்சல். புதுசா மின்சாரம் எதுவும் உண்டாகல. முன்னயே உள்ள இருந்ததுதான். சமமா இருந்தவரைக்கும் தெரியல, கலைச்சதும் தெரியுது" என்றாள் அம்சா.

தேவநாதன் எழுந்து வந்தார். சீப்பைக் கேட்டு வாங்கி, தன் நரைத்த தலையை வாரித் தானும் ஒருமுறை செய்து பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"இதையெல்லாம் தமிழ்ல சொல்ல வராதுன்னு நேத்துவரைக்கும் நானே வாதாடிக்கிட்டிருந்தேன். இந்தப் பொண்ணு சொல்லிட்டா."

முதல் பரிசான வெள்ளிக் கோப்பை அம்சாவுக்கு.

திரும்பும் பஸ்ஸில் அற்புதமேரி கோப்பையை மடியைவிட்டு இறக்கவில்லை. "இதுல பாதி என் தலைமுடிக்குச் சேரணும்" என்றாள்.

"இன்னாம்மா, ஓட்டப்பந்தயமா?" என்று கண்டக்டர் கோப்பையைப் பார்த்துக் கேட்டார்.

"இல்லீங்க, அணு" என்றாள் அம்சா.

"அப்படின்னா?"

அம்சா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். பஸ் முழுவதும் கேட்கும்படி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.