மௌஸ் அவர் கையில்

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். கம்பியில்லாத விசைப்பலகை உணவு மேசையில் என் முன்னால் இருந்தது. அதன் ஜோடியான மௌஸ், சன்னலோரத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்த என் கணவரின் மடிப்பலகையில் இருந்தது. இருவரும் பார்த்தது சுவரில் மாட்டிய ஒரே திரையை.

இது எங்கள் மகன் செய்த ஏற்பாடு. முன்பு கணினி உள்ளறையில் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு என் கடிதங்களை எழுதுவேன். பக்கவாதத்தால் அவருடைய இடப்பக்கம் செயலிழந்தபின், விடுமுறைக்கு வந்த மகன் அதைக் கூடத்துத் தொலைக்காட்சியோடு இணைத்துவிட்டான். "அப்பாவுக்கும் பொழுது போகணும்லம்மா. நீ டைப் அடி, அவர் கிளிக் பண்ணட்டும். ஜோடியா வேலை பாருங்க" என்று சிரித்துவிட்டு ஊருக்குப் போனான். அன்பினால் செய்ததைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று முதல் நான் அடிக்கும் ஒவ்வோர் எழுத்தும் உள்ளங்கை அகலத்தில் சுவரில் எழுகிறது. அதை அவர் உரக்கப் படிக்கிறார். தங்கைக்கு ஒரு வரி எழுதினாலும், முற்றுப்புள்ளிக்கு முன்பே அவருடைய கருத்து வந்துவிடும். பணிக்காலத்தில் அவர் நில அளவையாளர். எதன்மேலும் கோடு இழுத்துப் பார்க்காமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது.

முந்தைய நாள் மாலை, நான் முன்பு பணிபுரிந்த பதிப்பகத்தின் மேலாளர் எழுதியிருந்தார். மெய்ப்புத் திருத்த ஆள் இல்லை; வாரத்தில் மூன்று காலைகள் அலுவலகத்துக்கு வர இயலுமா என்பதை மறுநாள் நண்பகலுக்குள் தெரிவிக்க வேண்டும். என் கணவரும் அதைப் படித்தார். படித்துவிட்டு வானிலைச் செய்திக்குப் போய்விட்டார். ஒரு தெரு, ஒரு பேருந்து, ஒரு படிக்கட்டு, யாரும் உரக்கப் படிக்காத ஒரு தாள். எனக்கு வேண்டியது அவ்வளவே. அடுத்த தெருவில் இருக்கும் என் நாத்தனார், காலை வேளைகளில் தம்பிக்குத் துணையிருக்கச் சம்மதித்திருந்தார்.

நான் அடிக்கத் தொடங்கினேன்.

"தங்கள் அழைப்பை ஏற்கிறேன். நாளை முதல்..." என்று அவர் படித்தார். "நாளைலேருந்தா? அவ்வளவு அவசரமா மேடத்துக்கு?"

"ஆமாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"நேத்தே படிச்சீங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

அம்புக்குறி நகர்ந்தது. கடிதத்தின் தலையில் நின்று, வரிவரியாக இறங்கி, முழுவதையும் நீல நிறத்தால் மூடியது. வயலுக்கு எல்லை காட்டுபவரின் நிதானம் அதில் இருந்தது. அதை என் கண் உணருமுன், விரல் பழக்கத்தால் அடுத்த சொல்லின் முதல் எழுத்தை அடித்துவிட்டது. கடிதம் மறைந்தது. வெற்றுத் திரையில் அந்த ஓர் எழுத்து மட்டும் நின்றது.

"நான் அழிக்கல. நீதான் அடிச்ச."

உண்மைதான். அவர் எதையும் அழிக்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் எதையும் நேராக மறுத்தவரும் அல்லர். அவர் குறித்து வைப்பார். என் கையே அழிக்கும்.

இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினேன். கடிதம் திரும்பி வந்தது. விட்ட இடத்திலிருந்து எழுதி முடித்தேன். அம்புக்குறி மறுபடியும் தலைப்பகுதிக்கு ஓடியது. அது சேருமுன் வேறு இரண்டு விசைகளை அழுத்தினேன். கடிதம் மேலாளருக்குப் போய்விட்டது.

"கிளிக் பண்ணாம எப்படிப் போச்சு?"

"எனக்கு வேலை தெரியுங்க."

பதில் சற்று நேரத்திலேயே வந்தது. அதையும் அவரே படித்தார். படிக்கப் படிக்கக் குரல் மலர்ந்தது. "மிக்க மகிழ்ச்சி. வீட்டில் உள்ள நிலைமையை அறிவேன். தாங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம். கோப்புகளை அனுப்புகிறோம், வீட்டிலிருந்தே திருத்தித் தரலாம். பாத்தியா! தங்கமான மனுஷன். இனிமே நானும் கூட உக்காந்து பிழை பாக்கறேன். ரெண்டு ஜோடிக் கண்ணு, ஒண்ணு தப்புமா?"

"எனக்கு வேலை வேணும்னு இல்லைங்க. வெளிய போகணும்."

அவர் மௌஸிலிருந்து கையை எடுத்தார். சன்னலுக்கு வெளியே ஒருவர் தம் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் துடைத்து முடிக்கும்வரை என் கணவர் அங்கேயே பார்த்தார்.

"நான் எங்க போறது?" என்றார்.

அவர் அதை என்மேல் குறையாகச் சொல்லவில்லை. குறையாகச் சொல்லியிருந்தால் எனக்கு விடை இருந்திருக்கும்.

இறுதியில் முடிவானது பின்வருமாறு. மேலாளர் சொன்னபடி வேலையைக் கூடத்திலிருந்தே செய்ய ஒப்புக்கொண்டேன். வியாழக்கிழமை காலை மட்டும் அலுவலகம் சென்று, அங்கேயே அமர்ந்து அச்சுத்தாள்களைச் சரிபார்ப்பேன் என்று எழுதினேன். அதற்கு மேலாளரும் இசைந்தார். அன்று நாத்தனார் வந்து வீட்டில் இருப்பார். மற்ற நாள்களில் கோப்பு சுவரில் விரியும். என் கணவர் படிப்பார், நான் திருத்துவேன். வியாழக்கிழமைகளில் விசைப்பலகையும் அவர் மடியில் இருக்கும்.