ஏழு ரோல்ஸ், ஏழு வடை

சிசிலிக்கு உதைபந்தாட்டம் படிப்பித்தது அமெரிக்காக்காரர் என்று சொன்னால் ஜெர்மனியின் டோர்ட்மண்டில் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அவளின் புருஷன் அல்பேர்ட் தமிழ் விளையாட்டுக் கழகத்தின் தலைவர். அவர்தான் முதலில் சிரித்தவர். "இங்கிலாந்துக்காரன் விளையாடுறதை அமெரிக்கா சுத்திப் பாக்கிற ஒரு சீவன் என்ரை குசினியிலை இருக்கு," என்று கண்ட இடமெல்லாம் சொல்லித் திரிந்தார்.

விஷயம் இதுதான். நியூ ஜெர்சியில் இருக்கிற சிசிலியின் தங்கச்சி வீட்டில் சனிக்கிழமை காலை ஏழரைக்கே இங்கிலாந்து ஆட்டம் தொடங்கிவிடும். புருஷன், பிள்ளைகள், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் எல்லாரும் கழகச் சட்டையும் கோப்பியுமாக டிவிக்கு முன்னால் குந்திவிடுவார்கள். தங்கச்சி அக்காவுக்கு வீடியோ அழைப்பு எடுத்து, போனை டிவிக்கு நேரே சாத்தி வைப்பாள். இங்கே மத்தியானம் ஒன்றரை. சிசிலி வெங்காயம் வெட்டிக்கொண்டே பார்ப்பாள். முதலில் ஊர்க்கதைக்காகத்தான் பார்த்தாள். பிறகு கதை குறைந்து பந்து கூடிப்போச்சு. அந்த அமெரிக்க டிவிக்காரர் ஒன்றும் தெரியாத சனத்துக்குச் சொல்லுகிற மாதிரிச் சொன்னார்கள். படத்தை நிற்பாட்டி, ஆட்களைச் சுற்றி வட்டம் போட்டு, அம்புக்குறி கீறி, யார் எங்கே நிற்கிறார், எந்த இடம் வெறுமையாய்க் கிடக்கிறது என்று காட்டினார்கள். நாலு வருஷம் பார்த்தால் கல்லுக்கும் விளங்கும்.

கழகத்தின் பெண்பிள்ளைகள் அணி இரண்டு வருஷமாக ஒரு ஆட்டமும் வெல்லவில்லை. பயிற்றுநரும் வேலை மாறிப் போய்விட்டார். ஆனி மாதச் சுற்றுப்போட்டியிலும் தோற்றால், அவர்களின் செவ்வாய்க்கிழமை மைதான நேரம் நாற்பது வயது தாண்டிய ஆம்பிளைகளுக்கு என்று நிர்வாகம் முடிவெடுத்துவிட்டது. அந்த ஆம்பிளைகள் ஓடுகிறதை நீங்கள் பார்க்கவேணும்! அணித் தலைவி சிசிலியின் மகள் லாரா. போட்டி நாள் காலை பிள்ளை ஒரு வாய் பாணும் தின்னவில்லை.

பிராங்பேர்ட் அணியோடு ஆட்டம், பக்கத்துக்கு ஏழு பேர். இடைவேளைக்குள்ளேயே ஒரு கோல் வாங்கியாச்சு. கோட்டோரம் நின்ற மாமாமார் சும்மா இருந்தார்களா? "அடி பிள்ளை! அடி!" என்று ஒரே கூச்சல். பாலச்சந்திரன் அண்ணையின் தொண்டை எல்லாரையும் மிஞ்சியது. பெண்பிள்ளைகளும் சொல்லுக்கேட்டு, பந்து போன பக்கமெல்லாம் ஏழு பேருமாய் ஓடி, கண்ணை மூடிக்கொண்டு அடித்தார்கள்.

மைதானத்துச் சாப்பாட்டுக் கடையில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்த சிசிலி ஒன்றைக் கண்டாள். பிராங்பேர்ட்டின் நாலாம் நம்பர் ஒவ்வொரு முறையும் முன்னுக்கு ஏறி வருகிறாள். அவளுக்குப் பின்னால் ஒரு கல்யாண வீடே வைக்கலாம், அவ்வளவு இடம்.

இடைவேளை விசில் ஊதினதும் ஏழு ரோல்ஸும் ஏழு வடையும் வைத்த தட்டைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளிடம் ஓடினாள்.

"ரோல்ஸ் எங்கடை ஆக்கள், வடை அவையள். இஞ்சை பாருங்கோ, இந்த வடை முன்னுக்கு வருது. லாரா, நீ பந்துக்குப் பின்னாலை ஓடாதை. இந்த வெறும் இடத்திலை நில். மற்றாக்கள் பந்து எடுத்தவுடனை இஞ்சை அனுப்புங்கோ. ஏய், கீப்பரைத் தின்னாதை!"

கவிசா கடித்த ரோல்ஸைத் திருப்பி வைத்தாள். "அன்ரி, பாலா மாமா அடி அடியெண்டு கத்துவாரே?"

சிசிலி நேரே கோட்டோரம் போனாள். "இனி ஆராவது வாய் திறந்தால் ரோல்ஸும் இல்லை, தேத்தண்ணியும் இல்லை. கடையைப் பூட்டிப்போடுவன்."

"உமக்கென்ன விசரே?" என்றார் அல்பேர்ட்.

"உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்லுறன்."

மைதானத்தில் இருந்தது அந்த ஒரே கடை. இருநூறு சனமும் கப்சிப். பாலச்சந்திரன் அண்ணை கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அந்த அமைதியில் பெண்பிள்ளைகளுக்கு ஒருத்தியின் குரல் மற்றவளுக்குக் கேட்டது. முதல் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இரண்டாவது முறை நாலாம் நம்பர் ஏறி வர, பந்து அவளைத் தாண்டி வெறும் இடத்துக்குப் போனது. லாரா அங்கே நின்றாள். கோல்! கடைசி நிமிஷத்தில் அதே இடம், அதே லாரா. இந்த முறை அவள் அடிக்கவில்லை. நடுவில் ஓடி வந்த கவிசாவுக்குத் தள்ளினாள். இரண்டுக்கு ஒன்று! விசில் ஊதினதும் இருநூறு தொண்டையும் ஒன்றாய் வெடித்தன. சிசிலி தட்டோடு துள்ளினாள், வடையெல்லாம் புல்லில் கொட்டுண்டது. அவளுக்கு அழுகையும் வந்தது, அடக்கவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் அல்பேர்ட் மைதான நேரத்துக்கான படிவத்தோடு வந்தார். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"செவ்வாய்க்கிழமை பிள்ளையளுக்குத்தான். ஆனால் இதிலை பயிற்றுநர் பெயர் கேக்கினம். ஆரைப் போடுறது?"

"சிசிலி அல்பேர்ட்," என்று தன் பெயரையே சொன்னாள்.

அவர் அவளைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் வேர்க்க விறுவிறுக்க நின்ற ஏழு பிள்ளைகளையும் பார்த்தார், பேனையைத் திறந்தார்.

"வடிவாய் எழுதுங்கோ," என்றாள் சிசிலி. "எல்லாரும் வாசிக்கவேணும்."