உலகநாதனின் ‘கேட் பாஸ்’

“மேடையில உக்கார வைங்க, மாலை போடுங்க, பொன்னாடை ஒண்ணுக்கு ரெண்டா போர்த்துங்க. கிடாரை மட்டும் அந்த மனுஷன் கையில குடுத்தீங்கன்னா, தம்பி, மைக்கு வயரை நானே வந்து பிடுங்குவேன்.”

“விழாவே அவருக்குத்தான் அக்கா. அவர் வாசிக்கலேன்னா அப்புறம் கைக்கு விழா, எதுக்கு விழா?” ஜெகநாதனும் குரலை உயர்த்தினான்.

“கைக்குன்னு என்னைக் கேக்காதீங்க. உங்களுக்கு ஒரு சாயங்காலம். எனக்கு வருஷக்கணக்கா.”

கனகவல்லி படியேறவில்லை. ஜெகநாதன் வீட்டு வாசலில் நின்றே பேசினாள்; அப்போதுதான் நாலு வீட்டுக்குக் கேட்கும். எதிர் வரிசை நாகம்மா, எப்போதோ காய்ந்துவிட்ட புடவையை மறுபடியும் உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். சிகந்திராபாத் பக்கத்து மௌலா அலி ஃபாக்டரிக்கு அந்த வருஷம், எண்பத்தேழில், வெள்ளி விழா. காலனியின் மூத்த கலைஞர் ஒருவரைக் கௌரவிக்க வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. ரிக்ரியேஷன் கிளப் செயலாளர் ஜெகநாதன் முதலில் பஜனைக்காரர்களைத்தான் நினைத்தான். ஆனால் தமிழ் பஜனைக்கும் தெலுங்கு பஜனைக்கும் நடுவே ஒலிபெருக்கிச் சண்டை. இவரைக் கூப்பிட்டால் அவர் வரமாட்டார். எந்தக் கட்சியிலும் சேராத, எந்தக் கட்சியும் சேர்த்துக்கொள்ளாத ஒரே கலைஞர் கனகவல்லியின் புருஷன் உலகநாதன்.

டூல் ரூம் ஃபிட்டர். சொந்த ஊர் அரக்கோணம் பக்கம். போலாரத்தில் வெளிநாட்டுக்குக் கிளம்பிய ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் பங்களாவைக் காலி செய்தபோது, மேசை வாங்கப் போனவர் ஒரு கிடாரும் ஒரு கட்டு ரெக்கார்டும் வாங்கிக்கொண்டு வந்தார். மேசை இல்லாமலேதான் மகள் கிரிஜா பத்தாவது வரை தரையில் உட்கார்ந்து படித்தாள். அந்த ரெக்கார்டுகளில் இருந்தது ப்ளூஸ். அமெரிக்காவில் பருத்திக் காட்டுக் கூலிகள் பாடிய பாட்டு. உலகநாதன் அதைக் கேட்டுவிட்டு, “இது நம்ம ஷிஃப்ட் ஆளுங்க பாட்டு” என்றாராம். ஷிஃப்ட் ஆட்கள் யாரும் அப்படி ஒப்புக்கொண்டதாகத் தகவல் இல்லை.

பேரிங் வளையம் ஒன்றைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு தந்திமேல் இழுப்பார். கிடார் அழும். அதற்குப் போட்டியாக அவர் தொண்டையும் அழும். தந்தியை எதற்குச் சேர்த்து முறுக்குவார் தெரியுமா? ஃபாக்டரி சங்குக்கு. காலை ஷிஃப்ட் சங்கு ஊதும்போது கிடாரோடு வாசலில் நிற்பார். மற்றவர்கள் டிஃபன் கேரியரோடு ஓடுவார்கள்.

‘தேர்ட் ஷிஃப்ட்’ என்று ஒரு கோஷ்டி சேர்த்தார். பெயின்ட் ஷாப் தேவசகாயம் டிரம்ஸ், ஸ்டோர்ஸ் லட்சுமணன் இன்னொரு கிடார். டிரம் மேல் ஈரத்துண்டைப் போட்டு அடிக்கச் சொல்வார். “நல்லா வாசிக்காதே, சரியா வாசி” என்று திட்டுவார். ஒரு தடவை மூவரும் மஞ்சள் காமாலை என்று டாக்டர் சர்டிஃபிகேட் கொடுத்துவிட்டு, பின்னறையில் அடைந்துகொண்டு ராப்பகலாக ஒத்திகை பார்த்தார்கள். காலனி நம்பிவிட்டது. வீட்டுக்கு வீடு கீழாநெல்லி அரைத்து அனுப்பினார்கள். நாகம்மா மோரில் கலக்கி, எதிரே நின்று குடிக்கவைத்துவிட்டுத்தான் போவாள். மூவரும் குடித்தார்கள், குடித்துவிட்டு வாசித்தார்கள். அந்த அறையில் பிறந்ததுதான் ‘கேட் பாஸ்’ என்ற பாட்டு.

அதை வைத்து என்ன ஆயிற்று என்றால், பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. சிகந்திராபாத் ஹோட்டல் ஒன்றில் புதுவருஷத்துக்குக் கூப்பிட்டார்கள். மூன்றாவது பாட்டுக்கே வாடிக்கையாளர்கள் பில் கேட்டார்கள். பம்பாயிலிருந்து ரெக்கார்ட் கம்பெனி ஆள் ஒருவர் வந்து கேட்டு, பாட்டின் நடுவில் வரும் நீண்ட மௌனத்தை எடுத்துவிட்டால் போடலாம் என்றார். “அதை எடுத்தா பாட்டே இல்ல. மீதியை வேணா நீங்க எடுத்துக்குங்க” என்று உலகநாதன் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். அந்த வருஷமே லட்சுமணன் மெட்ராஸ் போய்விட்டான். பிறகு யார் யாரோ வந்தார்கள், திட்டு வாங்கினார்கள், போனார்கள். தேவசகாயம் மட்டும் நின்றான்.

கடைசியாகக் கிரிஜாவைப் பெண் பார்க்க வந்த அன்று. கேசரி, பஜ்ஜி எல்லாம் ஆகிக்கொண்டிருக்கும்போது பின்னறையில் ஊளை கிளம்பியது. மாப்பிள்ளையின் அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, “உள்ள யாருக்காவது உடம்பு சரியில்லீங்களா?” என்று கேட்டாள். வரன் போயிற்று. அன்றைக்குக் கனகவல்லி கிரிஜாவை முன்னால் நிறுத்தி, அவள் தலைமேல் அவர் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாள். உலகநாதன் கிடாரை உறையில் போட்டுப் பரணில் ஏற்றினார். நாலு வருஷமாக இறக்கவில்லை. இப்போது மறுபடியும் ஒரு வரன் பேச்சு, நாந்தேட்டிலிருந்து. கனகவல்லி ஜெகநாதன் வாசலுக்கு ஏன் போனாள் என்று இனி யாரும் கேட்க மாட்டார்கள்.

ஜெகநாதன்தான் இறங்கி வந்தான். “சரிக்கா. அவர் சும்மா உக்காரட்டும். அப்ரென்டிஸ் பையன் வாசு கோஷ்டி வெச்சிருக்கான். அவங்க ‘கேட் பாஸ்’ வாசிப்பாங்க. ஹவ், சரின்னு சொல்லுங்க.”

“யார் வேணா வாசிக்கட்டும். இவர் வேணாம்.”

வீட்டில் சொன்னபோது உலகநாதன் செய்தித்தாளை மடித்தார். “சரி” என்றார். அவ்வளவுதான். கனகவல்லி சண்டைக்குத் தயாராக வந்தவள். அந்தச் சரியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே போய் அரிசி களைந்தாள்.

விழாவன்று ஜெகநாதன் பேசினான். மஞ்சள் காமாலை ‘இசைத் தவம்’ ஆயிற்று. பில் கேட்ட ஹோட்டல் ‘ரசிகர்கள் திரண்ட ஹோட்டல்’ ஆயிற்று. காஞ்சன்பாக்குக்கு மாறிப்போயிருந்த தேவசகாயம் இரண்டு பஸ் மாறி, தொந்தியோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். உலகநாதன் மாலைக்குள் மூக்குவரை மறைந்து மேடையில் இருந்தார். பெண்கள் பக்கம் நாகம்மாவுக்கும் கிரிஜாவுக்கும் நடுவில் கனகவல்லி, மைக்கு வயர் மேல் கண்ணாக.

வாசு கோஷ்டி தொடங்கியது. நல்ல பையன்கள். எலக்ட்ரிக் ஆர்கனுக்குத் தந்தியைச் சேர்த்துக்கொண்டு, சுருதி பிசகாமல், தாளம் தப்பாமல் வாசித்தார்கள். ஜனம் கைதட்டித் தாளம் போட்டது. “இவ்ளோ நல்ல பாட்டா இது? அந்தாளு என்னமோ பண்ணி வெச்சிருந்தாரே” என்றாள் நாகம்மா.

கனகவல்லியின் வலது கை மடியிலிருந்து மெல்ல எழுந்து நின்றது. பாட்டு நடுவுக்கு வந்திருந்தது. அங்கே எல்லாம் நிற்க வேண்டும். கேட்டில் செக்யூரிட்டி ஓர் ஆளை நிறுத்திவிட்டு, சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல, வெறுமனே நிற்க வேண்டும். அப்புறம் டிரம் மட்டும், தப்பான இடத்தில், தயங்கித் தயங்கி வரும். வாசு நிற்கவில்லை. அந்த இடத்தை ஒரு குட்டி ஆர்கன் துணுக்கால் அடைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தான்.

“இது இல்ல” என்றாள் கனகவல்லி. சத்தமாகவே வந்துவிட்டது.

“அம்மா, சுப் ரஹோ நா, சும்மா இரு” என்று கிரிஜா முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“நடுவுல நிக்கணும்டி. நின்னுட்டு, அப்புறம் டிரம்மு பின்னால வரணும். இவன் கேட்டுல நிக்காமலே உள்ள போறான்.”

முன்வரிசையில் தேவசகாயம் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. மேடையில் உலகநாதனும் மாலையைக் கொஞ்சம் விலக்கி, பெண்கள் பக்கம் பார்த்தார். பாட்டு முடிந்து கைதட்டல் ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். ஜெகநாதன் மைக்கை நீட்டினான்.

“பசங்க நல்லா வாசிச்சாங்க” என்றார். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கிளப்பிலிருந்து வீட்டுக்கு நடந்தார்கள். கிரிஜா தோழிகளோடு முன்னால் போனாள். மாலையைக் கனகவல்லி கையில் சுருட்டி வைத்திருந்தாள்.

“கதவைச் சாத்திட்டுத்தானே இருந்த எப்பவும்?” என்றார் உலகநாதன்.

“சாத்தினா? அடுப்பு அந்தப் பக்கத்துச் சுவர்லதானே. குவார்ட்டர்ஸ் சுவர், பக்கத்து வீட்டுத் தும்மலே கேக்கும்.”

“முழுசும் தெரியுமா?”

“எது தெரியாது? தேவசகாயம் எங்க திணறுவான், நீங்க எங்க திட்டுவீங்க, எல்லாம் தெரியும். அந்த நிக்கிற இடம் வர்றப்ப நானும் கரண்டியை நிறுத்திடுவேன். அதுல எத்தனை தடவை தாளிப்பு கருகியிருக்கு.”

“ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா விடிய விடிய வாசிச்சிருப்பீங்க.”

“ஆமா” என்றார் உலகநாதன். “வாசிச்சிருப்பேன்.”

வீட்டுக்குள் வந்ததும் கனகவல்லி ஸ்டூலைப் பரணுக்குக் கீழே இழுத்துப் போட்டாள். “எறக்குங்க. கிரிஜா தலைமேல வாங்குன சத்தியத்தை நானே எடுத்துக்கறேன். பெருமாள்கிட்ட நான் சொல்லிக்கறேன்.”

“நக்கோ கனகா. வேணாம்.”

“கோவமா?”

“கோவம் இல்ல. இந்த விரலு” என்று சுண்டுவிரலை நீட்டிக் காட்டினார். “மேடையில மாலைக்குள்ளயே தந்தியில இழுக்கிற மாதிரி இழுத்துப் பாத்தேன். எங்கயும் போக மாட்டேங்குது.”

அவள் அந்த விரலைப் பிடித்துப் பார்த்தாள். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் தீபாவளிக்கு ஒரு தடவை கேட்டாள், பொங்கலுக்கு ஒரு தடவை கேட்டாள். அவர் கோபிக்கவும் இல்லை, ஸ்டூலில் ஏறவும் இல்லை. சத்தியம் வாங்குவது அவளுக்கு ஒரு நிமிஷ வேலையாக இருந்தது. திருப்பிக் கொடுப்பதற்குத்தான் வழி தெரியவில்லை.

நாந்தேட் வரன் முடிந்தது. கிரிஜா பாங்க் குமாஸ்தாவைக் கட்டிக்கொண்டு போனாள். வாசு துபாய்க்குப் போய், அங்கே ஒரு மலையாளி நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டதாகக் கேள்வி. தேவசகாயம் காஞ்சன்பாக்கிலேயே வீடு கட்டிவிட்டான். ஜெகநாதனை அடுத்த தேர்தலில் தெலுங்கு பஜனைக்காரர்கள் தோற்கடித்தார்கள். உலகநாதன் எண்பத்தொன்பதில் ரிடையராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, போலாரத்தில் இரண்டு அறை வீடு ஒன்றுக்குப் போனார். நாகம்மா ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கனகவல்லி ரேடியோ வாங்கியிருக்கிறாளாம். செய்தியோ, விவசாயமோ, ஏதோ ஒன்று நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிறதாம், யாரும் கேட்காமல்.