அறுபத்து நான்கு செங்கல்

ஒரு முழுப் படைப்பிரிவையே முப்பத்தாறு மணி நேரத்தில் மூட்டை கட்டி லாரியில் ஏற்றிவிடக்கூடிய ஆள் அவர். சமையல் அண்டா முதல் குண்டூசி டப்பா வரை எது எந்தப் பெட்டியில், எந்தப் பெட்டி எந்த லாரியில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். கிடங்கு சார்ஜென்ட் என்பது பதவியின் பெயர். நாளடைவில் அதுவே ஆளின் பெயராகிவிட்டது. இருபத்திரண்டு வருஷ சேவையில் அவர் ஒப்படைத்த எந்தப் பட்டியலிலும் 'குறைவு' என்ற கட்டத்தில் 'இல்லை' என்பதைத் தவிர வேறு எழுத்து விழுந்ததில்லை. அலுவலகப் பேனா மறதியாகச் சட்டைப்பையோடு வீட்டுக்கு வந்துவிட்டால், மறுநாள் காலை அதைத் திருப்பி வைத்த பிறகுதான் தேநீரே குடிப்பார். அப்படி ஒரு மனுஷர்.

ஆனால் பாருங்கள், கல்யாணமான நாளிலிருந்து சொந்த வீட்டுச் சாமானை அவர் ஒரு தடவைகூட மூட்டை கட்டியதில்லை. மாற்றல் உத்தரவு வரும். கூடவே கிடங்கைக் கவனிக்க உடனே புறப்படு என்று இன்னொரு உத்தரவும் வரும். மனைவிதான் பெட்டி கட்டி, லாரி பிடித்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர் மாறுவாள். ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து இவர் புது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருக்கும். சுவரில் காலண்டர் தொங்கும். குளியலறைக் கதவுக்கு இடப்பக்க ஆணியில் இவருடைய துண்டு இருக்கும். நான்கு தடவையும் அப்படித்தான். வீடு என்பது தானாக முளைக்கிற செடி என்றே அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது மாற்றலுக்கு, அதிசயமாக, பத்து நாள் விடுப்புக் கிடைத்தது.

"இந்தத் தடவை நீ கையைக் கட்டிட்டு உட்காரு. எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன்" என்றார்.

அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரிங்க" என்றாள். அந்தச் 'சரிங்க'வைக் கேட்டு வேறு யாராக இருந்தாலும் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். சார்ஜென்ட் மீசையைத் தடவிக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டார்.

வீட்டில் பதினொரு டிரங்குப் பெட்டிகள். எல்லாமே ஒரே பச்சை, ஒரே அளவு. கிடங்குத் தராசை எடுத்துவர மனசாட்சி இடம் கொடுக்காததால், பழைய பேப்பர்காரரிடம் தொங்குதராசு இரவல் வாங்கினார். ஒவ்வொரு பெட்டியையும் நிறுத்து, கனமானது முதலில், லேசானது கடைசியில் என்று வெள்ளைப் பெயின்டில் எண் எழுதினார். கைப்பிடிகளில் மனைவி கட்டிவைத்திருந்த நூல்கள், ஒன்றில் சிவப்பு, இரண்டில் மஞ்சள், மற்றவற்றில் கறுப்பு, அவர் கண்ணுக்குக் கந்தலாகத் தெரிந்தன. கத்திரிக்கோலால் வெட்டிப் போட்டார். அந்த நூல் எதற்கென்றால் என்று அவள் தொடங்கினாள். இனி எண் இருக்கும்போது நூல் எதற்கு என்று அவர் முடித்துவைத்தார்.

மகளுக்கு எட்டு வயது. வீட்டில் அவளுக்குப் பெயர் 'ரேடியோ'. காலையில் கண் விழித்தால் தொடங்குவது, தலையணையில் தலை சாயும்வரை ஓயாது. மாற்றல் செய்தி வந்ததிலிருந்து ஒரு வாரமாக அந்த ரேடியோ அவ்வளவாகப் பாடவில்லை. பால் வேண்டுமா என்றால் தலையாட்டல். குளித்தாயா என்றால் தலையாட்டல். பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது, தன்னுடைய ஒழுங்கு ஒட்டிக்கொண்டது என்று அப்பாவுக்கு உள்ளூரப் பெருமை.

ஏழாம் நாள் காலை, மகளைக் கூட்டிக்கொண்டு மனைவி பள்ளிக்கூடத்துக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போனாள். போவதற்கு முன் கடைசிப் பெட்டியைத் தானே அடுக்கி மூடிவைத்திருந்தாள். சிவப்பு நூல் இருந்த பெட்டி அது. துணியும் பலகையும் என்று சொல்லியிருந்தாள். தராசில் மாட்டினால் முள் எகிறியது. சார்ஜென்டுக்கு மூக்கில் வியர்த்தது. திறந்தார்.

இரண்டு பலகை, ஒரு நீலத் திரை, சுத்தியல், ஒரு டப்பா ஆணி, மேஜை விளக்கு, பெயின்ட் டப்பாக்கள். அடியில், அவருடைய பழைய சீருடைச் சட்டைகளில் சுற்றி, நான்கு செங்கல். மகள் அறையில் நீலத் திரை போட்ட புத்தக அலமாரி ஒன்றை அவர் இந்த இரண்டரை வருஷமாகத் தினமும் பார்த்திருக்கிறார். அது எதன் மேல் நிற்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஊர் விட்டு ஊர் செங்கல் சுமக்கிற குடும்பம் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும். செங்கல்மேல் பச்சையும் வெள்ளையுமாக ஏதோ கிறுக்கல் இருந்தது; பிள்ளை கிறுக்கியது என்று விட்டுவிட்டார். ஏனென்றால் அதற்குள் வேறொரு நினைப்பு வந்துவிட்டது. இந்தக் குவார்ட்டர்ஸின் முன்பக்கத் தோட்டத்துக்குச் சாய்த்து நட்ட செங்கல்தான் கரை. ஒப்படைப்புப் பட்டியலில் அறுபத்து நான்கு. அவர் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த நாளிலேயே அதில் நான்கு காணோம். சாமான் லாரி பின்பக்கமாக நகர்ந்தபோது இடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அந்த நான்கு செங்கல்தான் இத்தனை நாளாக அவர் நெஞ்சில் முள்ளாக உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது நான்கு இடைவெளி, நான்கு செங்கல். அளவும் கச்சிதமாகப் பொருந்தியது. கையோடு வரிசை முழுவதற்கும் சுண்ணாம்பு அடித்து முடித்தார். அறுபத்து நான்கும் அணிவகுப்பில் நிற்பதுபோல் வெள்ளை வெளேர் என்று நின்றன.

நண்பகலில் இருவரும் திரும்பினார்கள். மகள் இரவல் வாங்கிய கதைப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். மனைவி பெட்டியைத் திறந்து கைவிட்டுத் துழாவினாள்.

"செங்கல் எங்கங்க?"

அவர் பெருமையோடு வாசலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். அவள் வரிசையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தாள். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த வீட்டுக்கு வந்தப்போ பாப்பா நாப்பது நாள் பேசலைங்க" என்றாள்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. அவள் நிதானமாகச் சொன்னாள். லாரியிலிருந்து இறங்கிய நிமிஷம் வாயை மூடியவள், வீட்டிலும் பேசவில்லை, பள்ளிக்கூடத்திலும் பேசவில்லை. மருத்துவர் தொண்டையில் ஒன்றுமில்லை, பொறுத்திருங்கள் என்று சொல்லிவிட்டார். வாரா வாரம் முகாமிலிருந்து இவர் போன் செய்தபோதெல்லாம் குழந்தை தூங்கிவிட்டாள் என்று சொன்னது இவளேதான். குழந்தைக்கென்று ஒரு மூலையாவது இருக்கட்டும் என்று பலகையை எடுத்தால், தாங்கக் கால் இல்லை. தோட்டத்துக் கரையிலிருந்து நான்கு செங்கல்லைப் பெயர்த்து வைத்தாள். பெட்டிக்கு அடித்து மீந்த பெயின்ட் கிடந்தது. குழந்தை அந்தச் செங்கல்களில் ஒவ்வொன்றாக, விட்டுவிட்டு வந்த நான்கு வீடுகளையும் வரையத் தொடங்கினாள். பிறந்த வீட்டை அவளுக்கு நினைவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டுக் கேட்டுத்தான் வரைந்தாள். நாற்பத்தோராவது நாள் காலையில், பெரிய மரம் இருந்தது எந்த வீடு அம்மா என்று வாய் திறந்து கேட்டாள்.

"எனக்கு ஏன் சொல்லலை?"

"அங்க இருந்துக்கிட்டு நீங்க என்ன செய்வீங்க? உங்க தூக்கமும் போயிருக்கும், அவ்வளவுதான். அதனால நானே வெச்சுக்கிட்டேன்."

அதற்குத்தான் சிவப்பு நூல். கடைசியில் ஏற்ற வேண்டிய பெட்டி, முதலில் இறக்க வேண்டிய பெட்டி. புது வீட்டில் அடுப்பு மூட்டும் முன் அந்த அலமாரி நிற்க வேண்டும், அந்த நான்கு செங்கல்லின் மேல். இல்லாவிட்டால் மறுபடியும் நாற்பது நாளோ, நானூறு நாளோ.

"ஒரு வாரமா தலையைத்தான் ஆட்டுறா. நீங்க கவனிக்கலையா?"

கவனித்திருந்தார். கவனித்துப் பெருமையும் பட்டிருந்தார். அதை நினைத்தபோது அவர் கூனிக் குறுகிப்போனார். தனக்கு இருநூறு ஆளும் ஆறு லாரியும் கையெழுத்துப் போட்ட உத்தரவும் இருந்தால்தான் ஒரு கிடங்கு நகரும். இவள் இரண்டு கையை வைத்துக்கொண்டு, பேசாத குழந்தையையும் வைத்துக்கொண்டு, ஒரு வீட்டையே நகர்த்தியிருக்கிறாள்; வந்து சேர்ந்த புருஷனுக்குத் துண்டு மாட்ட ஆணி அடிக்கவும் மறக்கவில்லை. ராணுவத்தில் இதற்கு ஒரு பதக்கம் உண்டென்றால் அது வருஷக்கணக்காகத் தவறான சட்டையில் குத்தப்பட்டிருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

கடப்பாரையையும் வாளியையும் தேய்க்கிற பிரஷையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக் கரைக்குப் போனார். வரிசையில் ஒன்பது, இருபத்திரண்டு, இருபத்து மூன்று, ஐம்பத்தொன்று. கிடங்குக்காரருக்கா எண் மறக்கும்? நான்கையும் பெயர்த்துத் தண்ணீர்த் தொட்டி அருகே கொண்டுபோய், குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் மெதுவாகத் தேய்த்தார். நல்லவேளை, எண்ணெய்ப் பெயின்டில் சுண்ணாம்பு பிடிக்கவில்லை. பாலாக வழிந்து போயிற்று. ஒன்றில் பெரிய மரம், ஒன்றில் மாடிப்படி, ஒன்றில் கூரைமேல் தண்ணீர்த் தொட்டி, ஒன்றில் வாசலில் ஒரு நாய். நான்கு வாசலிலும் ஒரு பெரிய உருவமும் ஒரு சின்ன உருவமும் கைகோத்து நின்றன. அவர் எதிலும் இல்லை.

மறுபக்கத்தைத் தேய்க்கத் திருப்பினார். அங்கே இருந்தார். முதுகில் பை, ஆளைவிடப் பெரிய பூட்ஸ், நடந்துகொண்டிருந்தார். நான்கு செங்கல்லிலும், பின்பக்கத்தில்.

நிமிர்ந்தபோது மகள் வாசல் கேட்டருகே நின்றிருந்தாள். வெள்ளைச் சேறு வழியும் செங்கல்களைப் பார்த்தாள். முகம் சுருங்கிப்போயிற்று, உதடு ஒட்டிக்கொண்டது. படியில் உட்கார்ந்திருந்த மனைவி எழவில்லை, ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா தெரியாம பண்ணிட்டேன்டா. மன்னிச்சுக்கோ" என்றார். தலையாட்டல்கூட இல்லை.

அவருக்குக் கெஞ்சத் தெரியாது. சேற்றிலேயே மண்டி போட்டு உட்கார்ந்து, செங்கல்லைத் திருப்பிக் காட்டினார்.

"இது நான்தானே? ஏன் பின்னாடி இருக்கேன்?"

மகள் கிட்டே வந்தாள். அவர் கையிலிருந்த பிரஷை வாங்கி, பூட்ஸ் ஓரத்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டினாள். அது போகும்வரை நிமிரவே இல்லை. பிறகு சொன்னாள்:

"நீங்க எப்பவும் அப்புறம்தானேப்பா வருவீங்க."

குறையாகச் சொல்லவில்லை அவள், இருப்பதைச் சொன்னாள். குறையாகச் சொல்லியிருந்தால் அவரால் தாங்கியிருக்க முடியும். கண் கலங்கியதை மறைக்க வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டு தடவை வீணாகத் தண்ணீர் மாற்றினார். அவர் மூன்றாவது தடவை போவதற்குள், எது எந்த வீடு என்று மகள் இரண்டு மூன்று வாக்கியம் சொல்லியிருந்தாள். கடைசியாக, இந்த வீட்டுக்கு மட்டும்தான் செங்கல் இல்லை என்றாள். சொல்லிவிட்டு மறுபடியும் பேசாமல் இருந்துவிட்டாள்.

மறுநாள் காலை லாரி வந்தது. சார்ஜென்ட் வெட்டிப் போட்ட நூல்களைக் குப்பைக் கூடையிலிருந்து பொறுக்கி, எது எதற்கு என்று மனைவியிடம் கேட்டுக் கேட்டுக் கட்டினார். எந்தப் பெட்டி முதலில் என்று சுமை தூக்குகிறவர்கள் அவரிடம் கேட்டபோது, "மேடத்தைக் கேளுங்க, இங்க அவங்கதான் சார்ஜென்ட்" என்றார். அவள் உள்ளே திரும்பிச் சிரித்துக்கொண்டாள்.

பத்து மணிக்குக் குடியிருப்பு அலுவலக எழுத்தர் பட்டியலோடு வந்தார். கதவு, ஜன்னல், குழாய், பல்பு எல்லாம் சரி. தோட்டக் கரையில்தான் தடுமாறினார். ஒரு தடவை எண்ணினார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை எண்ணினார்.

"அறுபதுதான் இருக்கு சார்ஜென்ட்" என்றார், தானே தப்புச் செய்ததுபோல. "உங்க பட்டியல்ல குறைவுன்னு எழுத எனக்குக் கை வரலை. லாரி இடிச்சிருக்கும். சரியா இருக்குன்னே போட்டுடறேன்."

"லாரி இடிக்கலை. நாங்கதான் எடுத்தோம்" என்றார் சார்ஜென்ட். "நாலுன்னு போடாதீங்க. அஞ்சுன்னு போடுங்க."

எழுத்தர் விழித்தார். சார்ஜென்ட் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் வரிசையோடு நடந்து, கேட்டருகே ஒரு செங்கல்லைக் காலால் தொட்டுக் காட்டினாள். அவர் குனிந்து, எழுத்தரின் கண்ணெதிரிலேயே அதைப் பெயர்த்து, மண்ணைத் தட்டி அவள் கையில் கொடுத்தார். பிறகு பேனாவை வாங்கி, 'குறைவு' என்ற கட்டத்தில் 'செங்கல் ஐந்து' என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து கொஞ்சமும் நடுங்கவில்லை. எழுத்தருக்குத்தான் வியர்த்துக் கொட்டியது.

லாரிக்குக் கயிறு கட்டி முடியும்வரை நேரம் இருந்தது. சிவப்பு நூல் பெட்டி இன்னும் கீழேதான் நின்றது. மகள் அதிலிருந்து பெயின்ட்டை எடுத்துப் படியில் உட்கார்ந்து, சுண்ணாம்பைத் தேய்த்துவிட்டு வரைந்தாள். கதவு, ஜன்னல், செங்கல் கரை, அதில் ஐந்து ஓட்டை. வாசலில் ஒரு பெரிய உருவம், ஒரு சின்ன உருவம். அவர் பெட்டியைத் தூக்குகிற சாக்கில் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். மகள் பிரஷைத் துடைத்து, பச்சையில் முக்கி, இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஜோடி பெரிய பூட்ஸ் போட்டாள். பிறகு செங்கல்லைத் திருப்பி வெறும் பக்கத்தைப் பார்த்து யோசித்தாள்.

"அப்பா, இப்ப பின்னாடி யாரை வரையறது?"

"அந்த எழுத்தரை வரைஞ்சுடு. பாவம், இன்னும் எண்ணிக்கிட்டு இருக்கார்."

அவள் திரும்பிப் பார்த்தாள். எழுத்தர் நிஜமாகவே மூன்றாவது தடவை எண்ணிக்கொண்டிருந்தார். அவள் சிரித்த சிரிப்பில் லாரி டிரைவரே எட்டிப் பார்த்தார்.

சிவப்பு நூல் பெட்டியைச் சார்ஜென்ட் யாரையும் தொட விடாமல் தானே தூக்கிக் கடைசியாக ஏற்றினார். மூன்று பேரும் டிரைவருக்குப் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஈரம் காயாத செங்கல் பேப்பர் விரித்து மகளின் மடியில் இருந்தது. லாரி முதல் தெருமுனையைத் திரும்புவதற்குள் ரேடியோ பாடத் தொடங்கிவிட்டது. புது ஊர் போய்ச் சேரும்வரை அது நிற்கவில்லை. நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.